பொறியியல் முதுநிலை மாணவர்களும் ஆய்வாளர்களும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தமிழ்நாட்டுப் பொறியியல் கல்லூரிகளில் எம்.இ., எம்.டெக். படிப்பவர்களும் பிஎச்.டி. ஆய்வாளர்களும் ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் துறை அலுவலகத்துக்கு வந்து கேட்கும் ஐயங்கள் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கின்றன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியே விளக்கிக்கொண்டிருப்பதைவிட எழுதி வைப்பது மேல் என்று தொகுத்தவை இவை. உதவி இல்லாமல் தவிப்பவர்களைவிட, இருக்கும் உதவியைத் தேதி தவறியும் சான்றிதழ் குறைந்தும் கைவிட்டவர்களையே நான் அதிகம் பார்த்திருக்கிறேன். ஆகவே எவ்வளவு கிடைக்கும் என்பதோடு, எங்கே தடைபடும் என்பதையும் சொல்ல முயன்றிருக்கிறேன்.

எம்.இ.க்கும் எம்.டெக்.குக்கும் என்ன வேறுபாடு? எம்.எஸ். என்கிறார்களே, அது என்ன?

எம்.இ., எம்.டெக். இரண்டும் இரண்டாண்டுப் படிப்புகள். வேலைவாய்ப்பிலும் மேற்படிப்பிலும் இரண்டுக்கும் மதிப்பு ஒன்றே. அண்ணா பல்கலைக்கழகம் பாடப்பிரிவைப் பொறுத்துச் சிலவற்றுக்கு எம்.இ. என்றும் சிலவற்றுக்கு எம்.டெக். என்றும் பட்டம் வழங்குகிறது. இதைப் பற்றிக் கவலைப்பட ஒன்றுமில்லை.

எம்.எஸ். என்பது ஆய்வுவழிப் பட்டம். சென்னை ஐஐடி போன்ற நிறுவனங்களில் இதில் பாடங்கள் குறைவு, ஆய்வேட்டுக்கே முதன்மை. பிஎச்.டி. செய்யும் எண்ணம் இருந்து, இன்னும் உறுதியாக முடிவெடுக்காதவர்களுக்கு இது நல்ல வழி.

தேசிய அளவிலான பொறியியல் முதுநிலைத் தகுதித் தேர்வான கேட் எழுதாமல் எம்.இ. சேர முடியாதா?

சேரலாம். முன்பு டான்செட் மூலம் நடந்த எம்.இ., எம்.டெக். சேர்க்கைக்கு 2023 முதல் சீட்டா பிஜி என்ற தனித் தேர்வை அண்ணா பல்கலைக்கழகம் நடத்துகிறது. டான்செட் இப்போது எம்.பி.ஏ., எம்.சி.ஏ. படிப்புகளுக்கு உரியது. சீட்டா மதிப்பெண்ணுடன், எம்.இ., எம்.டெக். இடங்களை ஒதுக்கும் டான்கா கலந்தாய்வில் கலந்துகொண்டு இடம் பெறலாம்.

ஆனால் கேட் எழுதாமல் சேர்வதில் ஓர் இழப்பு உண்டு. அடுத்த கேள்விக்கான பதிலில் வரும் உதவித்தொகை கேட் தகுதியோடு சேர்ந்தவர்களுக்கு மட்டுமே உரியது. ஒருமுறை பெற்ற கேட் மதிப்பெண் மூன்றாண்டுகள் செல்லும் என்பதால், இளநிலை மூன்றாம் ஆண்டிலேயே எழுதி வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

மாதம் 12,400 ரூபாய் எல்லோருக்கும் வருமா?

வராது. அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுமம், அதாவது ஏஐசிடிஇ, தன் ஒப்புதல் பெற்ற கல்லூரிகளில் கேட் தகுதியுடன் முழுநேர முதுநிலைப் படிப்பில் சேர்ந்தவர்களுக்கு மாதம் 12,400 ரூபாய் வீதம் அதிகபட்சம் 24 மாதங்களுக்கு வழங்குகிறது. பகுதிநேர மாணவர்களுக்கும், நிறுவனங்கள் தம் செலவில் அனுப்பும் மாணவர்களுக்கும் இது பொருந்தாது. ஐஐடி, என்ஐடி மாணவர்களுக்கும் இதே அளவு தொகை வருகிறது. ஆனால் அது வேறு வழியாக வருகிறது.

சேரும் நாளில் கேட் மதிப்பெண் நடப்பில் இருக்க வேண்டும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. சீட்டா மூலம் சேர்ந்துவிட்டு, முதலாண்டின் நடுவில் கேட் எழுதித் தகுதி பெற்றாலும் அந்தப் படிப்புக்கு உதவித்தொகை கிடைக்காது. ஒவ்வோர் ஆண்டும் யாராவது ஒருவர் இந்த நம்பிக்கையோடு வந்து ஏமாற்றத்தோடு திரும்புகிறார்.

சேர்ந்து நான்கு மாதம் ஆகிவிட்டது. இன்னும் ஒரு ரூபாய்கூட வரவில்லையே, யாரிடம் கேட்பது?

முதலில் உங்கள் கல்லூரி அலுவலகத்திடம். இந்த உதவித்தொகையில் மாணவர் நேரடியாகத் தொடங்கக்கூடிய வேலை எதுவுமில்லை. குறித்த கெடுவுக்குள் கல்லூரிதான் இணையதளத்தில் உங்களுக்கான அடையாள எண்ணை உருவாக்க வேண்டும். பிறகு நீங்கள் விவரங்களையும் சான்றிதழ்களையும் பதிவேற்ற வேண்டும். அவற்றைக் கல்லூரி சரிபார்த்து அனுப்ப வேண்டும். அதன் பின்னும் மாதந்தோறும் உங்கள் வருகையைக் கல்லூரி உறுதிசெய்தால்தான் பணம் விடுவிக்கப்படும். இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணி விட்டுப்போனாலும் உங்கள் கணக்கில் பணம் ஏறாது.

அடுத்துப் பார்க்க வேண்டியது வங்கிக் கணக்கு. உங்கள் பெயரில் மட்டும் உள்ள, ஆதார் இணைக்கப்பட்ட சாதாரணச் சேமிப்புக் கணக்காக அது இருக்க வேண்டும். அப்பாவோடு கூட்டுக் கணக்கு, சிறுவயதில் தொடங்கிய கணக்கு, ஜன்தன் கணக்கு ஆகியவை ஏற்கப்படுவதில்லை. ஆதாரில் ஒரு மாதிரியும் கேட் மதிப்பெண் அட்டையில் வேறு மாதிரியும் பெயர் இருப்பது இன்னொரு தலைவலி. தமிழ்நாட்டில் முன்னெழுத்தைப் பெயருக்கு முன்னால் போடுவதா பின்னால் போடுவதா, விரித்து எழுதுவதா என்பதில் ஆவணத்துக்கு ஆவணம் வேறுபடுவதால் இது நமக்கே உரிய சிக்கலாகிவிட்டது. சேர்க்கைக்கு முன்பே ஆதாரைத் திருத்திக்கொள்ளுங்கள். இதர பிற்படுத்தப்பட்டோர் பிரிவில் விண்ணப்பிப்பவர்கள் மத்திய அரசுப் படிவத்தில் அண்மைய சான்றிதழை வைத்திருக்க வேண்டும். மாநில அரசின் சாதிச் சான்றிதழ் மட்டும் போதாது.

உதவித்தொகை வாங்கிக்கொண்டே பக்கத்தில் ஒரு வேலை பார்க்கலாமா?

கூடாது. இதைப் பெறும் மாணவர் வேறு ஊதியமோ, வேறு உதவித்தொகையோ பெறக்கூடாது என்பது நிபந்தனை. அதோடு துறையில் வாரத்துக்கு 8 முதல் 10 மணி நேரம் ஆய்வகம், வகுப்பு சார்ந்த உதவிப் பணியும் செய்ய வேண்டும். ‘அதைச் செய்யச் சொல்ல இவர்களுக்கு என்ன உரிமை’ என்று கேட்பவர்களுக்கு: உரிமை உண்டு, உதவித்தொகையே அதற்குச் சேர்த்துத்தான். ஆனால் பேராசிரியரின் சொந்த வேலைகள் இதில் அடங்கா.

பிஎச்.டி.க்கு வந்தால் எவ்வளவு கிடைக்கும்?

நீங்கள் எந்த வழியில் நுழைகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. மத்திய அரசின் நிதியில் நடக்கும் ஆய்வுத் திட்டங்களிலும் தேசிய அளவிலான ஆய்வு நல்கைகளிலும் (ஃபெலோஷிப்) 2023 ஜனவரி 1 முதல் இளநிலை ஆய்வாளருக்கு மாதம் 37,000 ரூபாயும், இரண்டாண்டு கழித்து முதுநிலை ஆய்வாளரான பின் 42,000 ரூபாயும் நிர்ணயிக்கப்பட்டுள்ளன. வீட்டு வாடகைப்படி தனி. ஐஐடி, என்ஐடி ஆய்வாளர்களுக்கும் ஏறத்தாழ இதுவே. பிரதமரின் ஆய்வு நல்கையில் முதல் இரண்டாண்டுகளுக்கு மாதம் 70,000, மூன்றாமாண்டு 75,000, அதன் பின் 80,000 ரூபாயும், ஆண்டுக்கு 2 இலட்சம் ரூபாய் ஆய்வுச் செலவுக்கும் என்று வகுக்கப்பட்டது. ஐஐடிகளிலும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்திலும் இதே திட்டத்தின்கீழ் ஐந்தாண்டுகளில் 10,000 நல்கைகள் வழங்கப்படும் என்று 2025ஆம் ஆண்டு மத்திய நிதிநிலை அறிக்கை அறிவித்தது.

பட்டியலினத்தவர், பழங்குடியினர், இதர பிற்படுத்தப்பட்டோர் ஆகியோருக்குத் தனித்தனித் தேசிய நல்கைகள் உள்ளன. பெற்றோருக்கு ஒரே குழந்தையான பெண்களுக்குச் சாவித்திரிபாய் ஜோதிராவ் புலே பெயரில் பல்கலைக்கழக மானியக் குழு, அதாவது யுஜிசி, ஒரு நல்கை வழங்குகிறது. ஆதிதிராவிடர், பழங்குடியின முழுநேர ஆய்வாளர்களுக்குத் தமிழ்நாடு அரசும் ஊக்கத்தொகை தருகிறது.

சுயநிதிக் கல்லூரி ஆய்வு மையத்தில் சேர்ந்தால் இவற்றில் எதுவும் தானாக வராது. ‘நல்கை பிறகு பார்த்துக்கொள்ளலாம், முதலில் சேர்ந்துவிடு’ என்று நெறியாளர் சொன்னால், அந்தப் ‘பிறகு’ எப்போது, எந்தத் திட்டத்திலிருந்து என்று கேட்டுவிட்டுச் சேருங்கள். கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை.

பிஎச்.டி.யை எத்தனை ஆண்டுக்குள் முடிக்க வேண்டும்?

யுஜிசியின் 2022ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி குறைந்தது மூன்றாண்டு, அதிகபட்சம் ஆறாண்டு. மறுபதிவு செய்தால் இரண்டாண்டு கூடுதல். பெண்களுக்கும், 40 விழுக்காட்டுக்கு மேல் மாற்றுத்திறன் உள்ளவர்களுக்கும் அதற்கு மேலும் இரண்டாண்டுச் சலுகை உண்டு; ஆனால் மொத்தம் பத்தாண்டைத் தாண்டக்கூடாது. மகப்பேறு, குழந்தைப் பராமரிப்புக்காகப் பெண் ஆய்வாளர்கள் ஆய்வுக் காலம் முழுவதிலுமாக 240 நாட்கள்வரை விடுப்பு எடுக்கலாம். திருமணம் போன்ற காரணத்தால் ஊர் மாறும் பெண்கள், தம் ஆய்வுத் தரவுகளோடு வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறிக்கொள்ளவும் விதியில் இடம் இருக்கிறது. இது பலருக்குத் தெரியாததால் நல்ல ஆய்வுகள் பாதியில் நின்றிருக்கின்றன.

நல்கை ஐந்தாண்டோடு நின்றுவிடும். பதிவோ ஆறாண்டு, எட்டாண்டு என நீளும். திட்டமிடும்போது நல்கையின் காலத்தையே கெடுவாகக் கொள்ளுங்கள்.

வேலையில் இருந்துகொண்டே பகுதிநேரமாகச் செய்யலாமா?

செய்யலாம், அதே 2022 விதிமுறைகள் இதை அனுமதிக்கின்றன. ஆய்வுக்கு நேரம் ஒதுக்கித் தரப்படும் என்றும், தேவைப்பட்டால் பாட வகுப்புகளுக்காகப் பணியிலிருந்து விடுவிக்கப்படுவார் என்றும் பணிபுரியும் நிறுவனத்திடமிருந்து தடையின்மைச் சான்று பெற வேண்டும். பருவத்துக்கு ஒருமுறை ஆய்வு ஆலோசனைக் குழுவின் முன் நேரில் வந்து முன்னேற்றத்தை விளக்க வேண்டியது முழுநேர ஆய்வாளருக்கும் பகுதிநேர ஆய்வாளருக்கும் பொது.

ஆய்வுக் கட்டுரை வெளியிடுவது இப்போது கட்டாயமில்லையாமே?

பாதி உண்மை. ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் கட்டுரை வெளியிட்டிருக்க வேண்டும் என்ற கட்டாயத்தை யுஜிசி 2022இல் நீக்கிவிட்டது. ஆனால் பல்கலைக்கழகங்கள் தம் சொந்த விதிகளில் அதை வைத்துக்கொள்ளத் தடையில்லை. பொறியியல் துறைகளில் பல இடங்களில் அது இன்னும் இருக்கிறது. நீங்கள் பதிவு செய்த ஆண்டுக்குரிய உங்கள் பல்கலைக்கழக விதிநூலே முடிவானது. விதி இருந்தாலும் இல்லாவிட்டாலும், கட்டுரையே இல்லாத பிஎச்.டி.யை நேர்காணலில் நியாயப்படுத்துவது எளிதன்று.

ஏற்கத்தக்க ஆய்விதழ்களைச் சொன்ன யுஜிசி கேர் பட்டியல் போய்விட்டது. எது நல்ல ஆய்விதழ் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

2025 பிப்ரவரியில் அந்தப் பட்டியலை யுஜிசி கைவிட்டு, பொறுப்பைக் கல்வி நிறுவனங்களிடமே விட்டது உண்மை. பொறியியலைப் பொறுத்தவரை இதனால் பெரிய மாற்றம் இல்லை. ஸ்கோபஸ், வெப் ஆஃப் சயின்ஸ் ஆகிய ஆய்விதழ்த் தரவுத்தளங்களில் இதழ் இருக்கிறதா என்றுதான் முன்பும் பார்த்தார்கள், இப்போதும் பார்க்கிறார்கள்.

இதழ் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்வதை நம்பாமல், ஸ்கோபஸின் இலவசப் பட்டியலில் நீங்களே தேடிப் பாருங்கள். முன்பு சேர்க்கப்பட்டுப் பின் நீக்கப்பட்ட இதழ்கள் பழைய முத்திரையை அப்படியே வைத்துக்கொண்டிருக்கும். புகழ்பெற்ற இதழின் பெயரையும் பதிவெண்ணையும் திருடி அதே போன்ற போலி இணையதளம் நடத்துவோரும் உண்டு. ஆகவே பதிப்பகத்தின் தளத்திலிருந்து தொடங்கி இதழுக்குச் செல்லுங்கள், மின்னஞ்சலில் வந்த இணைப்பை அழுத்திச் செல்லாதீர்கள். ஒரு வாரத்தில் ஏற்றுக்கொள்கிறோம் என்பவர், வாட்ஸ்அப்பில் கட்டணம் கேட்பவர், உங்கள் துறைக்குச் சம்பந்தமே இல்லாத மாநாட்டுக்கு உங்களைத் தலைமை தாங்க அழைப்பவர் ஆகியோரை எட்ட நிறுத்துவதே நல்லது. கட்டுரையை எழுதித் தருகிறோம், ஆசிரியர் வரிசையில் இடம் தருகிறோம் என்று விலை பேசுபவர்களைப் பற்றி ஆலோசனை எதுவும் தேவையில்லை. அது மோசடி, பிடிபட்டால் பட்டம் போகும்.

ஆய்வேட்டில் பிறர் எழுத்தோடு உள்ள ஒப்புமை 10 விழுக்காட்டுக்குள் இருந்தால் போதும்தானே?

யுஜிசியின் 2018 விதிமுறைகளில் 10 விழுக்காடுவரை தண்டனை இல்லை. 10 முதல் 40வரை இருந்தால் ஆறு மாதத்துக்குள் திருத்தி மீண்டும் அளிக்க வேண்டும். 40 முதல் 60வரை இருந்தால் திருத்திய ஆய்வேட்டை ஓராண்டுக்கு அளிக்க முடியாது. அதற்கும் மேல் போனால் பதிவே நீக்கப்படும். மேற்கோள் காட்டி எடுத்தவை, நூற்பட்டியல், பொருளடக்கம் போன்றவை கணக்கில் சேரா.

விழுக்காடு மட்டுமே அளவுகோல் என்று எண்ணுவதுதான் தவறு. அறிமுக இயலில் எல்லோரும் எழுதும் சமன்பாட்டு விளக்கத்தால் 12 விழுக்காடு வருவது வேறு. மற்றவரின் முடிவுரையை அப்படியே எடுத்து 4 விழுக்காட்டுக்குள் அடக்குவது வேறு. இரண்டாவதை மென்பொருள் மன்னித்தாலும் தேர்வாளர் மன்னிக்க மாட்டார். உங்கள் சொந்தக் கட்டுரைகள் ஆய்வேட்டில் இடம்பெறுவது இயல்பே. எந்த இயல் எந்தக் கட்டுரையிலிருந்து வந்தது என்று வெளிப்படையாகக் குறிப்பிட்டு, நெறியாளரின் சான்றையும் இணைத்துவிடுங்கள்.

எங்கள் கல்லூரியில் ஆய்விதழ்கள் எதுவும் திறப்பதில்லை. காசு கொடுத்துத்தான் படிக்க வேண்டுமா?

அரசு நிறுவனமாக இருந்தால் வேண்டியதில்லை. 2025 ஜனவரி முதல் ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்தில், 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்கள் மத்திய, மாநில அரசுகளின் 6,300க்கும் மேற்பட்ட கல்வி, ஆய்வு நிறுவனங்களுக்குத் திறந்துவிடப்பட்டுள்ளன. மூன்றாண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் இதற்கு ஒதுக்கப்பட்டது. திறக்கவில்லை என்றால் உங்கள் நூலகம், இத்திட்டத்தை நடத்தும் காந்திநகரிலுள்ள இன்ஃப்லிப்நெட் மையத்தில் பதிவு செய்யாமல் இருக்கலாம். நூலகரிடம் எழுத்துமூலம் கேளுங்கள்.

சுயநிதிக் கல்லூரிகள் இத்திட்டத்தின் முதல் கட்டத்தில் இல்லை. தமிழ்நாட்டில் பொறியியல் படிப்போரில் பெரும்பான்மையினர் அங்கேதான் படிக்கிறார்கள் என்பதால் இது சிறிய குறையன்று. அவை சேர்க்கப்படும்வரை, பல்கலைக்கழக நூலகத்துக்கு நேரில் சென்று படிக்கலாம்; இதழில் வரும் முன்பே கட்டுரைகளை இலவசமாகத் தரும் ஆர்க்கைவ் தளத்தில் முன்வரைவைத் தேடலாம்; கட்டுரையாசிரியருக்கே இரண்டு வரி மின்னஞ்சல் எழுதலாம். பெரும்பாலோர் மகிழ்ச்சியோடு அனுப்புகிறார்கள். இந்திய ஆய்வேடுகளுக்குச் சோத்கங்கா தளம் எல்லோருக்கும் திறந்தே இருக்கிறது.

எங்களிடம் இல்லாத கருவியில் சோதனை செய்ய வேண்டும். வழி உண்டா?

உண்டு. சென்னை ஐஐடி வளாகத்திலுள்ள உயர்நிலைப் பகுப்பாய்வுக் கருவி மையம் வெளி மாணவர்களின் மாதிரிகளையும் கட்டணத்துக்குச் சோதித்துத் தருகிறது. ஐ-ஸ்டெம் என்ற தேசியத் தளத்தில் நாடெங்கும் பொதுநிதியில் வாங்கிய கருவிகள் எங்கெங்கே உள்ளன என்று தேடி, நேரம் பதிவு செய்யலாம். பெரிய கணிப்பு வேலைக்குத் திருச்சி என்ஐடியில் 2022 மே மாதம் தொடங்கப்பட்ட 838 டெராஃபிளாப் திறனுள்ள ‘பரம் பொருள்’ என்ற மீக்கணினி (சூப்பர் கம்ப்யூட்டர்) இருக்கிறது. எங்கும் வரிசை நீளம். ஆய்வேட்டுக் கெடுவுக்கு ஒரு மாதம் முன்பு மாதிரியைத் தூக்கிக்கொண்டு போனால் பயனில்லை.

இரண்டாமாண்டுப் புராஜெக்டை வெளியே ஆய்வு நிறுவனத்தில் செய்யலாமா?

செய்யலாம், செய்வது நல்லதும்கூட. தரமணியில் கட்டமைப்புப் பொறியியல் ஆய்வு மையம், பள்ளிக்கரணையில் தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகம், ஆவடியில் போர் ஊர்தி ஆராய்ச்சி நிறுவனம், கல்பாக்கத்தில் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம், காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் என்று நம் மாநிலத்திலேயே எத்தனையோ இருக்கின்றன. துறைத்தலைவரின் பரிந்துரைக் கடிதத்தோடு, மூன்றாம் பருவம் தொடங்கக் குறைந்தது நான்கு மாதம் முன்பே எழுதுங்கள். பாதுகாப்பு, அணுசக்தி நிறுவனங்களில் நுழைவு அனுமதிக்கே நாளாகும். தரவுகளை வெளியிட அவர்கள் இசைவும் வேண்டும். பெரும்பாலும் ஊதியம் எதிர்பார்க்க முடியாது.

கட்டுரையை முதலில் வெளியிடுவதா, காப்புரிமைக்கு முதலில் விண்ணப்பிப்பதா?

காப்புரிமைக்குத்தான். வெளியான நாளிலிருந்து உங்கள் கண்டுபிடிப்பு புதியது என்ற தகுதியை இழந்துவிடும். கற்றறிந்தோர் சங்கத்தின் கூட்டத்தில் கண்டுபிடித்தவரே வாசித்த கட்டுரைக்கு இந்தியச் சட்டத்தின் 31ஆம் பிரிவு 12 மாத அவகாசம் தருகிறது என்றாலும், எல்லா மாநாடும் அந்த வரையறைக்குள் வராது. ஐரோப்பாவில் அந்தச் சலுகையே இல்லை.

நடைமுறை இதுதான்: தற்காலிக விவரக்குறிப்பை முதலில் பதிவு செய்யுங்கள், பிறகு கட்டுரையை அனுப்புங்கள், 12 மாதத்துக்குள் முழு விவரக்குறிப்பை அளியுங்கள். தனிநபர் இணையவழியில் விண்ணப்பிக்கக் கட்டணம் 1,600 ரூபாய். 2021 முதல் கல்வி நிறுவனங்களுக்கும் அதே குறைந்த கட்டணம்தான். ஆனால் கல்லூரியின் கருவியிலும் நிதியிலும் உருவானதைத் தனிநபர் பெயரில் பதிவதற்கு முன், உங்கள் நிறுவனத்தின் அறிவுசார் சொத்துக் கொள்கையைப் படித்துவிடுங்கள். சோத்கங்காவில் ஆய்வேடு ஏறுவதும் வெளியீடுதான் என்பதை மறக்க வேண்டாம்.

நெறியாளரோடு ஒத்துப்போகவில்லை. மாற்றக் கேட்டால் பழிவாங்குவார்களோ என்று பயமாக இருக்கிறது.

பயம் நியாயமானது, அதைப் பொருட்படுத்தாதே என்று சொல்ல மாட்டேன். முதலில், நடந்தவற்றைத் தேதியோடு எழுதி வையுங்கள். பேசி முடித்தவற்றை ‘இன்று பேசியபடி’ என்று மின்னஞ்சலில் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். அடுத்த படி ஆய்வு ஆலோசனைக் குழுவின் மற்ற உறுப்பினர்கள். புதிய நெறியாளர் ஒருவர் இசைவு தெரிவித்த பின் மாற்றம் கேட்பதே நடைமுறையில் பலன் தருகிறது. ஓய்வுபெற மூன்றாண்டுக்குக் குறைவாக உள்ளவர் புதிய ஆய்வாளரை எடுக்க முடியாது. உதவிப் பேராசிரியருக்கு நான்கு, இணைப் பேராசிரியருக்கு ஆறு, பேராசிரியருக்கு எட்டு ஆய்வாளர்கள் என்ற வரம்பும் உண்டு. இவற்றை முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

அங்கும் தீரவில்லை என்றால், யுஜிசியின் 2023 விதிமுறைகளின்படி ஒவ்வொரு நிறுவனத்திலும் இருக்க வேண்டிய மாணவர் குறைதீர் குழுவிடம் முறையிடலாம். அக்குழு 15 வேலை நாட்களில் அறிக்கை தர வேண்டும். அதன் மேல் முறையீட்டுக்குக் குறைதீர்ப்பாளர் இருக்கிறார். பாலியல் தொல்லை என்றால் இந்த வரிசை எதுவும் வேண்டாம், நேரே உள்ளகப் புகார்க் குழுவுக்குச் செல்லுங்கள்.

இதனால் தூக்கம் கெட்டு, எதிலும் பிடிப்பில்லாமல் போனால், முறையீட்டின் முடிவுக்காகக் காத்திருக்க வேண்டாம். 14416 என்ற டெலிமனாஸ் மனநல உதவி எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம். பேசுவது உங்கள் கல்லூரிக்குத் தெரியாது.

இடையில் வேலை கிடைத்துவிட்டது. விலகினால் அசல் சான்றிதழைத் தர மறுக்கிறார்களே?

மறுக்க முடியாது. அசல் சான்றிதழ்களைச் சரிபார்த்த உடனே திருப்பித் தர வேண்டும், வைத்துக்கொள்ளக்கூடாது என்று யுஜிசி 2018 அக்டோபரில் அறிவித்திருக்கிறது. அதே அறிவிப்பில் கட்டணத்தைத் திருப்பித் தரும் அளவும் உண்டு: சேர்க்கையின் இறுதி நாளுக்கு 15 நாள் முன்பே விலகினால் முழுத்தொகை, அதற்குப் பின் இறுதி நாளுக்குள் 90 விழுக்காடு, இறுதி நாள் கழிந்த 15 நாளுக்குள் 80, 30 நாளுக்குள் 50, அதன் பின் எதுவும் இல்லை. முழுத்தொகை என்றாலும் நடைமுறைச் செலவுக்கு ஒரு சிறு தொகையைப் பிடித்துக்கொள்ள அனுமதி உண்டு.

விலகல் கடிதத்தை நேரில் கொடுத்தால் பெற்றுக்கொண்டதற்கான முத்திரையும் தேதியும் உள்ள நகலை வாங்கிக்கொள்ளுங்கள். தர மறுத்தால் அன்றே விரைவஞ்சலில் அனுப்பிவிடுங்கள். மேலே உள்ள கணக்கில் எந்த விழுக்காடு உங்களுக்கு உரியது என்பதை அந்தத் தேதிதான் முடிவுசெய்யும்.